நிலம் வந்த தேதியும் ஓட்டு போன தேதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தங்கள் நாளிதழில் லாட்வியா நாட்டின் முன்னாள் பிரதமர் கார்லிஸ் உல்மானிஸ் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் இளைஞர் என்று நினைக்கிறேன். நடை நன்றாக இருக்கிறது. ஒற்றுப்பிழைகூட அதிகம் இல்லை. இந்தக் காலத்தில் இதையும் சொல்லிப் பாராட்ட வேண்டியிருக்கிறது. ஜெர்மானியப் பிரபுக்களின் தோட்டங்களைப் பிடுங்கிக் கூலியாட்களுக்குக் கொடுத்தார், சண்டை போட்டுக்கொண்டிருந்த நாடாளுமன்றத்தை மூடினார், ஆறு வருஷம் தனி ஒருவராக ஆண்டார், நாடு செழித்தது என்று எழுதி, மலேசியாவில் நமக்கும் அப்படி ஒருவர் வந்தால்தான் விடிவு என்று முடித்திருந்தார்.

எங்கள் காப்பிக்கடையில் தினமும் காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பது என் வேலை. மற்ற நால்வருக்கும் கண் சரியில்லை, எனக்குக் கால் சரியில்லை. வாசித்து முடித்ததும் நான்கு தலைகளும் ஒன்றாக ஆடின. லோரி ஓட்டி ஓய்வு பெற்ற நண்பர், "அந்த மாதிரி ஒருத்தன் இங்க வந்திருந்தா நம்ம தோட்டமெல்லாம் நம்ம கையில இருந்திருக்கும் கிராணி" என்றார். நான் பதில் சொல்லாமல் தே தாரேக் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, அலமாரியின் மேல்தட்டிலிருந்து அஞ்சல்தலை ஆல்பத்தை இறக்கினேன்.

நான் முப்பத்தைந்து வருஷம் ரப்பர் தோட்டத்தில் செக்ரோல் கிராணியாக, அதாவது ஆள்வருகையும் கூலியும் பதியும் ஏட்டை எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யார் வந்தார், யார் வரவில்லை, எந்தத் தீம்பாரில் (மரப் பிரிவில்) எத்தனை மரம், எத்தனை பவுண்டு பால், ஒட்டுப்பால் எவ்வளவு என்று எழுதிவைப்பதுதான் பிழைப்பு. அந்த வேலையில் ஒன்று தெரிந்துகொண்டேன். பேர் சரியாக இருக்கும், தொகையும் சரியாக இருக்கும், தேதி மட்டும் ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கும். அன்றைக்கு ஒருத்தருடைய கூலி இன்னொருத்தர் பேரில் ஏறிவிடும். தங்கள் கட்டுரையில் நடந்திருப்பதும் அதுதான். உல்மானிஸ் பிரதமராக இருந்தபோது தோட்ட நிலம் கூலியாட்களுக்குப் போனது உண்மை. அவர் நாடாளுமன்றத்தை மூடியதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் பதின்மூன்று வருஷமும் எட்டு மாதமும் இருக்கின்றன. அதைச் சொல்லாமல் இரண்டையும் ஒரே வரியில் எழுதினால், கூலி தப்பான ஆளிடம் போய்ச் சேரும்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்திருக்கும் கிழவனுக்கு லாட்வியா எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எல்லாம் அஞ்சல்தலையால் வந்த வினை. சிறுவனாக இருந்தபோது தோட்ட ஆபீசுக் குப்பைக்கூடையில் லண்டன் கடித உறைகளைப் பொறுக்க ஆரம்பித்த பழக்கம் இன்னும் விடவில்லை. எழுபதுகளில் ஈப்போவில் ஒரு பழைய கடையில், பற்கள் வெட்டாத ஒரு சிவப்புத் தலையைக் காட்டினார்கள். உதிக்கிற சூரியன், தானியக் கதிர், ‘லாட்வியா’ என்ற எழுத்து. இதில் என்ன விசேஷம் என்றேன். கடைக்காரர் சாமணத்தால் எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் ஒரு வரைபடத்தின் துண்டு! 1918 டிசம்பரில் அந்த நாடு தன் முதல் அஞ்சல்தலையை அச்சடித்தபோது காகிதம் கிடைக்கவில்லை. ஜெர்மன் ராணுவம் விட்டுப்போன போர் வரைபடங்களின் வெற்றுப் பக்கத்தில் அடித்திருக்கிறார்கள். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசைக் கொடுத்து வாங்கி வந்தேன். என் மனைவி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்படிக் காகிதத்துக்கே வழியில்லாத நாட்டுக்கு முதல் பிரதமராக வந்தவர் யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்துத்தான் உல்மானிஸ் எனக்குப் பழக்கமானார்.

அவர் 1877 செப்டம்பர் 4-ல், பெர்ஸே என்ற ஊர்ப்புறத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அது ரஷ்ய ஜாரின் ஆட்சி. ஆனால் நிலம் ஜாரிடம் இல்லை, ஜெர்மன் பேசும் பிரபுக்களிடம் இருந்தது. நாடு முழுவதும் அவர்களுடைய தோட்டங்கள்தான். நாட்டுப்புற நிலத்தில் ஏறக்குறைய பாதி. லாட்வியாவின் மேற்குப் பகுதியில் 1817-லும் வடக்கில் 1819-லும் பண்ணை அடிமைத்தனத்தை ஒழித்தார்கள். ஒழித்ததோடு சரி, நிலம் ஒரு சாண்கூடத் தரவில்லை. நீ இனி அடிமை இல்லை, ஆனால் உழ வேண்டுமென்றால் என் நிலத்துக்குத்தான் வர வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலை இருக்கும்வரை வீடு. ஐம்பத்தைந்து வயதில் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பு.

உல்மானிஸ் படித்ததெல்லாம் பாலும் வெண்ணெயும்தான். முதலில் கிழக்குப் பிரஷ்யாவில் பால்பண்ணைப் பயிற்சி, பிறகு சூரிச்சிலும் லைப்சிக்கிலும் விவசாயப் படிப்பு. 1905-ல் ரஷ்யா முழுவதும் கிளர்ச்சி எழுந்தது. லாட்வியாவில் கூலியாட்கள் நூற்றுக்கணக்கான பிரபு மாளிகைகளைக் கொளுத்தினார்கள். உல்மானிஸ் எழுதினார், பேசினார். பிஸ்கோவ் சிறையில் போட்டார்கள். வெளியே வந்ததும் ஜெர்மனிக்கு ஓடி, அங்கிருந்து அமெரிக்கா போனார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1909-ல் விவசாயப் பட்டம் வாங்கி, அங்கேயே கொஞ்ச நாள் பாடமும் நடத்தி, அப்புறம் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில் பால் வியாபாரத்தில் இறங்கினார். 1913-ல் ஜார் பொதுமன்னிப்பு கொடுத்தபோது ஊர் திரும்பினார். 1917-ல் விவசாயிகள் சங்கம் என்ற கட்சியை மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கினார்.

1918 நவம்பர் 18 அன்று ரீகா நகரத்தின் ஒரு நாடக அரங்கில் கூடி லாட்வியா தனி நாடு என்று அறிவித்தார்கள். உல்மானிஸ் தற்காலிக அரசின் தலைவர். அரசு என்று சொல்கிறோமே தவிர, கையில் ஒன்றும் கிடையாது. ஆறு வாரத்தில் செம்படை ரீகாவுக்குள் வந்துவிட்டது. அமைச்சரவை முதலில் யெல்காவாவுக்கும் பிறகு லியெபாயா துறைமுகத்துக்கும் ஓடியது. அங்கே 1919 ஏப்ரல் 16-ல் ஜெர்மானியப் படைகள் அரசைக் கவிழ்த்துவிட்டு இன்னொருவரை நாற்காலியில் உட்காரவைத்தன. உல்மானிஸ் ‘சாரடோவ்’ என்ற கப்பலில் ஏறிக்கொண்டார். பிரிட்டிஷ் கடற்படை காவல் நிற்க, ஜூன் கடைசிவரை ஒரு நாட்டின் அரசாங்கமே அந்தக் கப்பலில் மிதந்தது. பிறகு ஜெர்மானியர்கள் போரில் தோற்று, அவர் ஜூலையில் ரீகாவுக்குத் திரும்பினார். இந்த அத்தியாயத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஓடிப்போய் வெளிநாட்டில் உட்காராமல், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே இருந்தார் அல்லவா.

சரி, நிலத்துக்கு வருகிறேன். கட்டுரையாளர் தம்பி இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

1920 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. ஆண்கள், பெண்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டார்கள். 150 இடம். அதிகம் பிடித்தது உல்மானிஸ் கட்சி இல்லை. சமூக ஜனநாயகக் கட்சி, 57 இடம். உல்மானிஸின் விவசாயிகள் சங்கத்துக்கு 26. இந்தச் சபைதான் வாதாடி, மல்லுக்கட்டி, 1920 செப்டம்பர் 16-ல் நிலச்சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரபுக்கள் ஆளுக்கு 50 ஹெக்டேர், நம் கணக்கில் நூற்று இருபத்துச் சொச்சம் ஏக்கர், வைத்துக்கொள்ளலாம். மிச்சமெல்லாம் அரசின் நிலக் கையிருப்புக்குப் போய், அங்கிருந்து நிலமில்லாதவர்களுக்கு. ஒரு புதுப் பண்ணைக்கு அதிகபட்சம் 22 ஹெக்டேர் விளைநிலம். நட்ட ஈடு தர வேண்டுமா என்பதை வைத்து இன்னும் நான்கு வருஷம் சண்டை. கடைசியில் 1924-ல், தர வேண்டாம் என்று நாடாளுமன்றம் முடிவு செய்தது. அப்போது உல்மானிஸ் பிரதமரே இல்லை. 1921 ஜூனிலேயே பதவி போய்விட்டது.

அப்படியானால் நிலத்தைக் கொடுத்தது யார்? கை தூக்கி ஓட்டுப் போட்ட நூற்றைம்பது பேர். அதிலும் பெரும்பங்கு, உல்மானிஸோடு எதற்கெடுத்தாலும் வாதாடிய இடதுசாரிகள். இந்தப் பாதி நிலத்தை அவர் தனியாக யாருக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை. பங்கு இல்லை என்று சொல்லமாட்டேன். பிரதமராக இருந்தவர், விவசாயம் தெரிந்தவர். செக்ரோலில் அவர் பேருக்கும் ஒரு கட்டம் உண்டு. மொத்தப் பக்கமும் அவருடையதில்லை.

இங்கே கொஞ்சம் சொந்தக் கதை சொல்ல அனுமதிக்க வேண்டும். நான் பிறந்த தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பெனி அறுபதுகளின் தொடக்கத்தில் விற்றுவிட்டுப் போனது. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அப்போது பேப்பரில் தினமும் வரும். பத்து ஏக்கர் ஒருவர், இருபது ஏக்கர் ஒருவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை ஒருவர் பங்கில், கோயில் வேறொருவர் பங்கில், லயம் மூன்றாமவர் பங்கில். என் அப்பா அதே மரத்தை அதே உளியால் வெட்டினார். ஆனால் சம்பளச்சீட்டும் இல்லை, சம்பளத்தோடு விடுப்பும் இல்லை, காண்டிராக்ட் ஆள். பக்கத்து லயத்தில் சிவப்பு ஐசி (குடியுரிமை இல்லாதவர் அடையாள அட்டை) வைத்திருந்த ஒரு குடும்பம், வேலைப் பெர்மிட் சட்டம் வந்ததும் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறியது. அந்த வீட்டுப் பையனும் நானும் ஒரே பெஞ்சு.

அந்தச் சமயத்தில்தான் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். 1959 முதல் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர் வேறு. 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, நாமே சேர்ந்து தோட்டம் வாங்குவோம் என்றார். பங்கு நூறு வெள்ளி (அப்போதைய மலாயா டாலர்). மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். மாரியம்மன் கோயில் திடலில் நடந்த கூட்டத்தில் அப்பா தோளில் துண்டோடு நின்றது ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பத்து வெள்ளிக்கு ஒரு மாச அரிசி" என்றார். அப்பா கட்டினார். அவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பங்குச் சீட்டு, அஞ்சல்தலை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நான் சொல்ல வந்தது இதுதான்: அந்தப் பங்கோடு அப்பாவுக்குக் கூட்டத்தில் ஒரு ஓட்டும் வந்தது. பால் ஊற்றுகிற ஸ்டோரில் கிராணி எழுதியதைக் கேள்வி கேட்கத் தயங்குகிற மனிதர், சங்கக் கூட்டத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டுப் போனார். பெரியவர்கள் நல்லது செய்தால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்வதுதான் எங்கள் பழக்கம். கை தூக்கி வாங்கியதை அவர் அங்கேதான் முதலில் பார்த்தார்.

இப்போது 1934.

லாட்வியாவின் நாடாளுமன்றத்துக்குப் பெயர் சைமா. நூறு இடம். 1931 தேர்தலில் அந்த நூறு இடத்தை இருபதுக்கும் மேற்பட்ட கட்சிகள் பங்கு போட்டுக்கொண்டன. நம்மூர் கோயில் கமிட்டியைப் பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். ஆட்சி நிலைக்காது, இன்று கூட்டு, நாளை முறிவு. உல்மானிஸே 1925-லும் 1931-லும் பிரதமராகி இறங்கியவர். 1934 மார்ச்சில் மறுபடி வந்தார். மே 15 இரவு, போர் அமைச்சர் யானிஸ் பலோடிஸ் துணையோடு ராணுவத்தையும் ஊர்க்காவல் படையையும் ரீகாவில் நிறுத்தினார். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை என்பது உண்மை. விடிந்தபோது சைமா இல்லை. கட்சிகள் எல்லாவற்றுக்கும் தடை. அவரே தொடங்கிய விவசாயிகள் சங்கத்துக்கும் சேர்த்துத்தான். பல பத்திரிகைகள் மூடப்பட்டன. சமூக ஜனநாயகத் தலைவர்களைப் பிடித்து லியெபாயாவில் முகாமில் அடைத்தார்கள். சபாநாயகர் பௌல்ஸ் கல்னின்ஷையும் விடவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முன் கூலியாளுக்கு நிலம் வேண்டும் என்று கை தூக்கிய அதே கட்சி! அந்தத் தோட்ட நிலத்துப் புகழை வைத்து இந்த இரவை நியாயப்படுத்தும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்தும்வரை நிறுத்திவைக்கிறோம் என்றார்கள். திருத்தம் வரவே இல்லை. 1936 ஏப்ரலில் அதிபர் க்வீசிஸின் பதவிக்காலம் முடிந்ததும் அந்த நாற்காலியையும் உல்மானிஸே எடுத்துக்கொண்டார். பிரதமரும் அவர், அதிபரும் அவர். மக்கள் அவரை ‘வாதோனிஸ்’, அதாவது தலைவர், என்று அழைக்க வேண்டும்.

தமிழ்ப் பத்திரிகை என்பதால் இன்னொரு விஷயத்தையும் எழுதியே ஆக வேண்டும். 1919 டிசம்பரில், இன்னும் போர்ப்புகை அடங்காத நேரத்தில், லாட்வியா ஒரு சட்டம் போட்டது. ரஷ்யர், யூதர், ஜெர்மானியர், போலந்துக்காரர் என்று சிறுபான்மையினர் எல்லாரும் அவரவர் மொழியில் அரசு செலவில் பள்ளி நடத்தலாம். அந்தப் பள்ளிகளைப் பார்த்துக்கொள்ள அவரவருக்குக் கல்வித்துறையில் தனி நிர்வாகம். தாங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வெறுத்த ஜெர்மானியருக்கும் அந்த உரிமையைக் கொடுத்தார்கள். அப்போதும் பிரதமர் உல்மானிஸ்தான். 1934-ல் அவர் தனியாக ஆண்டபோது அந்தத் தனி நிர்வாகம் போயிற்று. ‘லாட்வியா லாட்வியருக்கே’ என்பது முழக்கமானது. சிறுபான்மையினர் பள்ளிகள் குறைந்துகொண்டே வந்தன. ஐந்நூற்றுச் சொச்சம் தமிழ்ப்பள்ளிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் முதலாம் ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிற நாம், அந்த உல்மானிஸைக் கேட்டு வாங்குவோமா? சபைக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த உல்மானிஸ் வேறு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத உல்மானிஸ் வேறு. ஆள் ஒருவர்தான்.

அவர் நல்லதே செய்யவில்லை என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டவுகவா நதியில் கெகும்ஸ் மின்நிலையம் அவர் காலத்தில் கட்டியது. எனக்கு ரொம்பவும் பிடித்தது 1935 ஜனவரி 28-ல் அவர் விடுத்த ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவரும் தாம் படித்த பள்ளிக்கூடத்தை நினைத்து, அதற்குப் புத்தகமோ பொருளோ அன்பளிப்பாக அனுப்புங்கள் என்று கேட்டார். மக்கள் அனுப்பினார்கள், நூலகங்கள் நிறைந்தன. அதைப் படித்த வருஷம், நான் படித்த பள்ளிக்கு இரண்டு பெட்டி புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு சர்வாதிகாரி சொல்லிச் செய்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. இப்போது பேப்பரிலேயே வந்துவிடும்.

செழிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கட்டுரை வெண்ணெயையும் பன்றி இறைச்சியையும் ஏற்றுமதி செய்த கதையைப் பெரிதாகச் சொல்கிறது. வெண்ணெய்த் தொழிலைக் கட்டி எழுப்பியது 1920-களின் கூட்டுறவுப் பால்பண்ணைகள், சைமா சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில். 1930-ஐ ஒட்டி உலகம் முழுவதும் விலை விழுந்தது; 1934-க்குப் பிறகு எழ ஆரம்பித்தது. நம்முடைய ரப்பரும் அப்படித்தான். மந்தத்தில் ஆயிரக்கணக்கான தோட்டப்பாட்டாளிகளைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். என் தாத்தா எப்படியோ தப்பி இங்கேயே தங்கினார். 1934 மே 7-ல், ரீகாவில் ராணுவம் இறங்குவதற்கு எட்டு நாள் முன்னால், ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்த லண்டனில் ஒப்பந்தம் போட்டார்கள். விலை ஏறியது. அதற்காக மலாயாவில் எந்தத் துரையையும் நாம் தேசத்தந்தை என்று கும்பிடவில்லையே.

கடைசிப் பகுதியைக் கட்டுரை ஒரே வரியில், சோவியத் வஞ்சகம் என்று முடித்துவிட்டது. வஞ்சகம்தான். 1939 அக்டோபர் 5-ல் ஸ்டாலின் அரசு மிரட்டி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, இருபத்தைந்தாயிரம் வீரர்களை லாட்வியாவுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்தது. 1940 ஜூன் 17-ல் முழுப் படையும் நுழைந்தது. எதிர்க்க வேண்டாம் என்று உல்மானிஸ் முடிவெடுத்தார். அன்று இரவு வானொலியில் பேசியபோது சொன்ன வாக்கியம் அந்த நாட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்: "நான் என் இடத்தில் இருப்பேன், நீங்கள் உங்கள் இடத்தில் இருங்கள்." சண்டை போட்டிருக்க வேண்டும் என்று இங்கே உட்கார்ந்து சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. போட்டிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்களோ. ஆனால் நாட்டை விடுவதா வேண்டாமா என்ற கேள்வி வந்த நாளில் கேட்பதற்கு ஒரு சபை இல்லை, எதிர்த்துப் பேச ஒரு கட்சி இல்லை, திட்டி எழுத ஒரு பத்திரிகை இல்லை. எல்லாவற்றையும் ஆறு வருஷத்துக்கு முன்பே அவர் கையாலேயே மூடியாயிற்று. அடுத்த மாதம் சோவியத்துக்காரர்கள் தேர்தல் என்று ஒன்று நடத்தி, ஒரே பட்டியலை நீட்டினார்கள்.

அவர் தன் இடத்திலும் இருக்க முடியவில்லை. ஜூலை 21-ல் பதவி பறிபோனது. மறுநாளே ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு வருஷம் வீட்டுக் காவல் மாதிரி, பிறகு சிறை. 1942 செப்டம்பர் 20-ல், காஸ்பியன் கடலோரத்தில் இன்றைய துர்க்மெனிஸ்தானின் கிராஸ்னோவோட்ஸ்க் சிறையில் செத்துப்போனார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். சமாதி எங்கே என்று யாருக்கும் தெரியாது. பசுவும் வெண்ணெயும் படித்த மனிதருக்குப் பாலைவனத்தில் சாவு. இதை எழுதும்போது எனக்கே மனசு கனக்கிறது. கூலியாட்களுக்குக் கிடைத்த நிலமும் நிற்கவில்லை. 1949 மார்ச்சில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சைபீரியாவுக்கு ரயிலேற்றினார்கள். மிச்சமிருந்தவர்கள் பயந்துபோய்த் தங்கள் பண்ணையைக் கூட்டுப்பண்ணைக்கு எழுதிக்கொடுத்தார்கள்.

காப்பிக்கடையில் மறுநாள் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். லாட்வியாவில் அப்போது ஓட்டுரிமை வயது 21. 1911-ல் பிறந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1931 அக்டோபரில் நான்காவது சைமா தேர்தல். அவளுக்கு இருபது, ஓட்டு இல்லை. அடுத்த முறை போடலாம் என்று இருந்திருப்பாள். ஐந்தாவது சைமா தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1993 ஜூனில். அவளுக்கு எண்பத்திரண்டு! எண்ணை மாற்றாமல், நான்குக்குப் பின் ஐந்து என்றுதான் இன்றும் எழுதுகிறார்கள். உல்மானிஸ் நிறுத்திவைத்த 1922-ஆம் வருஷத்து அரசியலமைப்பையே தூசு தட்டி எடுத்துத் திரும்ப அமலுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஐந்தாவது சைமா தேர்ந்தெடுத்த அதிபர், குந்திஸ் உல்மானிஸ். கார்லிஸின் அண்ணன் தம்பி வழிப் பேரன். சிறுவயதில் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டுத் திரும்பியவர்.

லோரி நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தற்காலிகமா நிறுத்துறோம்னு சொன்னா நம்பக் கூடாதுங்கிற" என்றார். நான் சொல்லாததை அவரே சொன்னார். நம் நாட்டிலும் ஊராட்சித் தேர்தல்களை 1965-ல், இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரத்தில், நிறுத்திவைத்தார்கள். மோதல் அடுத்த வருஷமே முடிந்தது. 1976-ல் சட்டம் போட்டு ஒரேயடியாக முடித்துவிட்டார்கள். 1969 மே கலவரத்துக்குப் பிறகு நாடாளுமன்றமும் மூடிக் கிடந்தது. ஆனால் 1971 பிப்ரவரியில் திறந்தது. ஒன்று திறந்தது, ஒன்று திறக்கவில்லை. ஏன் என்பதைக் கட்டுரையாளர் அடுத்த ஞாயிறு எழுதினால், நானே சத்தமாக வாசிக்கிறேன்.

2022 நவம்பர் பொதுத்தேர்தலில் என் பேத்திக்கு முதல் ஓட்டு. பதினெட்டு முடிந்து நான்கு மாதம். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். எனக்கு யாரோ நாற்காலி போட்டார்கள். வெளியே வந்து மை வைத்த விரலைப் போட்டோ எடுத்துக்கொண்டே, "தாத்தா, யார் ஜெயிச்சாலும் ஒண்ணும் மாறப்போறதில்ல" என்றாள். கட்டுரையாளரும் இதே வயதாக இருக்கலாம்; இதே அலுப்பாக இருக்கலாம். அலுப்பு எனக்கும் உண்டு. நான் ஓட்டுப் போட்ட ஆட்கள் எத்தனையோ பேர் அடுத்த தேர்தல்வரை இந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. இந்தக் கடிதத்தை முழுவதும் போட இடமில்லாவிட்டால், திருத்தமாக இரண்டு வரி மட்டும் போடுங்கள். லாட்வியாவில் தோட்ட நிலம் பங்கிடும் சட்டம் நிறைவேறியது 1920 செப்டம்பர் 16. நாடாளுமன்றம் மூடப்பட்டது 1934 மே 15.

பி.கு.: கட்டுரையாளர் தம்பி சுங்கை சிப்புட் பக்கம் வந்தால் காப்பிக்கடையில் விசாரிக்கட்டும், காலை ஏழிலிருந்து ஒன்பதுவரை அங்கேதான் இருப்போம். அந்த அஞ்சல்தலையைக் காட்டுகிறேன். பின்பக்கத்தில் ஒரு ஆறும், பாதி எழுத்து வெட்டுப்பட்ட ஒரு ஊர்ப்பெயரும் இருக்கின்றன. கண் நல்ல இளசுகள் யாராவது பூதக்கண்ணாடி வைத்துப் படித்துச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய செக்ரோல் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.